ஆறாவது தூண் எதிரில்

எங்கள் ஜன்னலுக்கும்
மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும்
இடையே இரண்டு முழம்.
அளந்து சொன்னவர் முனிரத்தினம்,
குடிவந்த அன்று, துடைப்பக் கட்டையை நீட்டி.
வாடகை அதனால்தான் குறைவு.

பழையபேட்டைப் பக்கமிருந்து ஏறுகிற பஸ்
எங்கள் அடுப்படி மட்டத்துக்கு வரும்போது
இரண்டாவது கியரில் இரைக்கும்.
யார் யாரோ என் குழம்பை எட்டிப் பார்த்தார்கள்.
திரை போட்டேன். கறுத்தது. துவைத்தேன். கறுத்தது.
பிறகு போடவில்லை.
பார்த்துவிட்டுப் போகட்டும்,
பருப்புதானே.

கௌசிகா எழுத்துக் கூட்டப் பழகியது
பெயர்ப் பலகைகளில்.
பர்கூர் சுலபம்.
ஊத்தங்கரையில் 'ங்' வருவதற்குள் பஸ் போய்விட்டது.
மீதியை மறுநாள் படித்தாள்.

வைகாசியில் லாரிகள்.
பெங்களூரா குவித்து, தார்ப்பாய்கூட இல்லாமல்,
வீடு முழுக்க வாசம் இறைத்துக்கொண்டு போகும்.
காலையில் ஜன்னலைக் கடந்த பழம்
மதியம் கூழ் கம்பெனியில்
என் கத்திக்கு வரும்.
"உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேனே"
என்று ஒன்றிடம் கேட்டும் இருக்கிறேன்,
மேஸ்திரி டீக்குப் போன நேரத்தில்.

ஒருமுறை ஜல்லிக் கரண்டி கைதவறி
கைப்பிடிச் சுவரின் வெளிவிளிம்பில் போய்க் கிடந்தது.
கண்ணுக்குத் தெரியும். கைக்கு எட்டாது.
ஒன்பது வருஷம்
வெயிலில் அது பளபளப்பதைப் பார்த்தபடி
தட்டைக் கரண்டியால் அப்பளம் எடுத்தேன்.

ஏரிக்கரையை அழகாக்கப் போகிறோம் என்று
ஆவணியில் தகரம் அடித்தார்கள்.
தகரத்தில் ஒரு படம்:
நீலத் தண்ணீர், நடைபாதை,
எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு குடும்பம்,
அவர்கள் கையில் பலூன்.
எங்கள் கட்டடம் இருக்கிற இடத்தில்
ஒரு மரம்.

வைரம் பதித்த கம்பியாம்.
சோப்புக் கட்டியை நூல் அறுப்பதுபோல
ராத்திரி ராத்திரியாக அறுத்தது.
சாம்பல் நிறக் கூழ் சொட்டிக்கொண்டே இருந்தது.
வெட்டுவாயில் பார்த்தேன்:
தார், அதன் கீழ் பழைய தார்,
அதற்கும் கீழ் ஏதோ ஒரு தேர்தலுக்கு முந்தைய தார்.

கிரேன் தொட்டியில் ஏறி வந்த ஒடிசாப் பையன்
விளிம்பில் கிடந்ததை எடுத்து
என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான்.
"அக்கா."
அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.
கரண்டியை ஜன்னல் வழியே நீட்டினான்.
ஒரு துளை மட்டும் துரு தின்றிருந்தது.

பாலம் போன முதல் ராத்திரி
சுவரில் ஓடுகிற வெளிச்சம் இல்லை.
முனிரத்தினம் புரண்டு புரண்டு படுத்தார்.
"லாரி எதுவும் வரலையே" என்றார் தூக்கத்தில்,
யாரோ வரவேண்டியவர் வராததுபோல.

விடிந்ததும் ஏரி.
இத்தனை காலம் அது அங்கே இருப்பது
கொசுவால் மட்டுமே எங்களுக்குத் தெரியும்.
இப்போது தண்ணீர், நீர்க்கோழி,
தூரத்தில் மலை, முழு மலை.
கௌசிகா பல் துலக்குவதை மறந்து நின்றாள்.
நானும்தான். பால் பொங்கி வழிந்தது.

வீட்டுக்காரர் துக்கோஜி ராவ்
ஒருநாளும் மாடிக்கு வந்ததில்லை.
வந்தார். ஜன்னலில் நின்றார்.
"காத்து நல்லா வருதே" என்றார்.
எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.
மூவாயிரத்து ஐந்நூறு
ஒன்பதாயிரம் ஆகும் என்பதை
ஏரியைப் பார்த்தபடியேதான் சொன்னார்.
"தை பிறக்கட்டும்."
வழியும் பிறக்கும்தான்,
மூட்டை முடிச்சோடு படியிறங்குகிற வழி.

நேற்று கேஸ் போடுகிற பையன் போன் செய்தான்.
"அக்கா, ஆறாவது தூண் எதிரில்னு இருக்கு.
தூணையே காணோமே?"

தண்ணீருக்கு முதுகைக் காட்டி நில்,
அண்ணாந்து பார் என்றேன்.
ஜன்னலில் கரண்டியை ஆட்டினேன்.
தெரியுதா?
தை வரைக்கும்
அதுதான் அட்ரஸ்.